எறும்பு மரத்தைக் காக்கிறதா, வெறுமனே குடியிருக்கிறதா? எப்படிச் சோதிப்பது?

தளிர்க்கணக்கு கேட்டது:

வணக்கம். வெப்பமண்டல மரங்கள் சிலவற்றில் முள்ளுக்குள்ளும் தண்டுக்குள்ளும் எறும்புகள் குடியிருக்கின்றன. மரம் வீடும் சோறும் தருகிறது, எறும்பு காவல் செய்கிறது என்று பாடநூல்கள் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. அந்த இரண்டு வரிக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும்.

காவல் என்றால் எறும்பு உண்மையில் என்ன செய்கிறது? எல்லா இலையையும் ஒரே மாதிரி காக்கிறதா? இரவில் மேயும் புழுக்களை யார் பார்த்துக்கொள்வது? எறும்பு உள்ள மரம் செழிப்பாகவும் இல்லாத மரம் நைந்தும் இருந்தால் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா? நல்ல மரத்தைத் தேடித்தான் எறும்பு குடிபுகுந்தது என்று யாராவது கேட்டால் பதில் இல்லை.

கிளையைச் சுற்றி ஒட்டுப்பசை வளையம் போட்டு எறும்பைத் தடுத்துப் பார்ப்பார்கள் என்று தெரியும். பசையின் அகலம், எத்தனை கிளை, எதை அளப்பது, எங்கே தவறு நடக்கும் என்பதைச் செய்து பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

முள்வேலம் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். சோதனை முறையைப் பற்றிக் கணுவிடை எழுதினால் நன்றாக இருக்கும்.

அதிகம் ஆராயப்பட்டது மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வளரும் காளைக்கொம்பு வேலமரம். தாவரவியலில் வச்செல்லியா கார்னிஜெரா. அதில் வாழ்வது சூடோமிர்மெக்ஸ் ஃபெருஜினியஸ் என்ற ஒல்லியான, கொட்டும் எறும்பு. இலைக்காம்பின் அடியில் இரண்டிரண்டாக முளைக்கும் முட்கள் மாட்டுக்கொம்பு போல உப்பியிருக்கும். இளம் முள் பச்சையாக, உள்ளே மென்மையான சதையோடு இருக்கும். புதிதாகக் கருவுற்ற ராணி அந்தப் பருவத்தில் வந்து, இரண்டு முட்களில் ஒன்றின் நுனிக்குச் சற்றுக் கீழே தன் உடம்பு நுழையும் அளவுக்கு ஒரு துளை குடைகிறது. உள்ளே இருக்கும் சதை அகற்றப்பட்டதும் இரண்டு கொம்பும் அடியில் இணைந்து ஒரே அறையாகிவிடும். அதனால்தான் ஒரு ஜோடி முள்ளுக்கு ஒரே ஒரு வாசல். முள் முற்றிப் பழுப்பாகி இறுகியபின் கத்தியால் பிளப்பதே சிரமம்.

சோறு இரண்டு வகை. இலைக்காம்பின் மேல்பக்கத்தில் கிண்ணம் போன்ற சுரப்பிகளில் தேன் ஊறும். இளஞ்சிற்றிலைகளின் நுனியில் மஞ்சள் கலந்த சிறு உருண்டைகள் இருக்கும். 1874இல் நிகராகுவாவைப் பற்றி எழுதிய தாமஸ் பெல்ட்டின் பெயரால் அவற்றைப் பெல்ட் உருண்டைகள் என்கிறோம். புரதமும் கொழுப்பும் நிறைந்தவை. வேலைக்கார எறும்பு அதைக் கடித்துக் கழற்றி முள்ளுக்குள் கொண்டுபோய், துண்டாக்கி, எறும்புக் குஞ்சான புழுவின் தலைக்குக் கீழே உள்ள சிறிய பையில் செருகிவிடும். புழு தலையைக் குனிந்து அந்தப் பையிலிருந்தே தின்னும். பெற்றோர் ஊட்டிவிடுவது போல இது அழகான காட்சி, ஆனால் சோதனைக்கு முக்கியமான விஷயம் வேறு: உருண்டை இருப்பது புது இலையில் மட்டும். ஆகவே எறும்பின் நடமாட்டம் தளிரில்தான் அடர்த்தி. மரத்துக்கும் அங்கேதான் காவல் தேவை, ஏனென்றால் தளிர்தான் மென்மையானது, சத்துள்ளது, பூச்சிக்கு முதல் இலக்கு. சோறு எங்கே வைக்கப்பட்டிருக்கிறதோ அங்கே காவல் நிற்கிறது.

காவலில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. கம்பளிப்பூச்சி, வண்டு, தத்துப்பூச்சி எதுவானாலும் கடித்துக் கொட்டித் தள்ளிவிடுவது ஒன்று. மேயும் மிருகத்தின் வாயையும் மூக்கையும் கொட்டுவது இரண்டாவது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மரத்தைத் தொடும் கொடியின் நுனியையும், அடிமரத்தைச் சுற்றி முளைக்கும் செடிகளையும் எறும்பு கடித்தே கொன்றுவிடும். இதனால் மரத்துக்கு வெயில் கிடைக்கிறது, மேலே ஏறக் கொடிக்கு வழியில்லை, தரை வெறுமையாக இருப்பதால் புல் தீ அண்டுவதும் குறைகிறது.

இரவைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த எறும்பு 24 மணி நேரமும் மரத்தின்மேல் நடமாடும். டேனியல் ஜான்சன் 1966இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு வேளையும் எண்ணியிருக்கிறார். எறும்பில்லாத தளிர்த்தண்டுகளில் பகலில் 38.5 சதவீதத்தில் வேறு பூச்சிகள் இருந்தன. எறும்புள்ளவற்றில் 2.7 சதவீதம். இரவில் முறையே 58.8, 12.9. இரவுக் காவல் பகலைவிடச் சற்றுத் தளர்வு என்றாலும் வித்தியாசம் பெரியது. 10 மாதக் கண்காணிப்பில் எறும்புள்ளவற்றில் 72 சதவீதம் பிழைத்தன, இல்லாதவற்றில் 43.

இந்தப் பிணைப்பு எவ்வளவு இறுகியது என்பதற்கு வேதியியலும் சாட்சி. இவ்வகை வேலமரங்களின் நெருங்கிய உறவான எறும்பற்ற இனங்கள் பலவற்றில் சயனைடு தரும் கசப்புப் பொருள்கள் உண்டு. எறும்பு வாழும் இனங்கள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. காவலாளியை வைத்தபின் பூட்டு போடுவதை மரம் விட்டுவிட்டது. அதனால்தான் எறும்பை எடுத்ததும் அந்த மரம் அவ்வளவு வேகமாக அழிகிறது.

மார்ட்டின் ஹைலும் கூட்டாளிகளும் கண்டது இன்னும் நுட்பமானது. இந்த மரத்தின் தேனில் சுக்ரோஸ் இல்லை. மரமே இன்வர்டேஸ் நொதியைத் தேனில் கலந்து சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடுகிறது. பொதுவான எறும்புகள் சுக்ரோஸையே விரும்புவதால் அவற்றுக்கு இந்தத் தேன் ருசிக்காது. இந்த மரத்தில் குடியிருக்கும் எறும்பின் குடலிலோ, பிறந்த புதிதில் வேலை செய்யும் இன்வர்டேஸ், மரத்தின் தேனை முதன்முறை குடித்ததும் முடங்கிவிடுகிறது. தேனில் உள்ள கைட்டினேஸ் என்ற புரதமே அதை முடக்குகிறது என்று 2014இல் காட்டினார்கள். அதன்பின் அந்த எறும்புக்கு வேறு தேன் செரிக்காது. இந்த மரமே கதி.

---

கணுவிடை எழுதியது:

முள்வேலம் தந்த எண்கள் எப்படிக் கிடைத்தன என்பதிலிருந்து தொடங்குகிறேன். தளிர்க்கணக்கின் சந்தேகத்துக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

காட்டில் தானாகவே எறும்பில்லாமல் நிற்கும் மரத்தை ஒப்பீட்டுக்கு எடுக்கக் கூடாது. அது நிழலில் இருக்கலாம், நோயில் இருக்கலாம், ஏற்கெனவே சோறு குறைந்து எறும்பு கைவிட்டுப் போன மரமாக இருக்கலாம். எந்த மரத்தில் எறும்பு இருக்கும், எதில் இருக்காது என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும், அதையும் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். ஒரே உயரம், ஒரே அளவு வெளிச்சம், அருகருகே உள்ள மரங்களை ஜோடி சேர்த்து, நாணயம் சுண்டி ஒன்றில் எறும்பை எடுங்கள். 20 ஜோடிக்குக் குறையாமல் வையுங்கள். வேலி முறிவு, மாடு, புயல் என்று சில ஜோடிகள் போய்விடும்.

எந்த மரம் என்பதைப் பொறுத்து முறை மாறும். இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது.

*தேனுக்காக வெளியிலிருந்து வந்துபோகும் எறும்பு.* இங்கே பசை வளையம் சரி. ஒரே மரத்தில் இரண்டு ஒத்த கிளைகளை எடுத்துக்கொள்ளலாம்.

பசையை நேரே பட்டையில் பூசவே கூடாது. இளம்பட்டை வெந்து கிளை காய்ந்துவிட்டால் அது பூச்சியின் சேதம் போலக் கணக்கில் ஏறும். முதலில் காகித டேப்பை 7, 8 செ.மீ. அகலத்துக்கு இறுக்கிச் சுற்றி, பட்டையின் வெடிப்புகளில் பஞ்சு வைத்து அடையுங்கள். இல்லாவிட்டால் சிறிய எறும்பு டேப்புக்கு அடியிலேயே போய்வரும். அதன்மேல் நடுவில் 5 செ.மீ. அகலத்துக்கு, 2, 3 மி.மீ. தடிமனில் காய்ந்துபோகாத ஒட்டுப்பசை. வாசலின் வேண்டாம், வெயிலில் உருகி வழிந்துவிடும்.

ஒப்பீட்டுக் கிளைக்கும் அதே டேப், அதே பசை, ஆனால் சுற்றளவில் பாதிக்கு மட்டும். மறுபாதி வழியாக எறும்பு போகும். பசையால் வரும் பாதிப்பு இரண்டிலும் சமமாகிவிடும். இந்தப் பாதி வளையம் இல்லாமல் செய்த சோதனையை நான் நம்பமாட்டேன்.

வளையம் போட்டதும் கிளைக்குள் மாட்டிக்கொண்ட எறும்புகளைக் கையால் எடுங்கள். பக்கத்துக் கிளை, புல், கொடி, சிலந்தி நூல் எதுவும் தடுக்கப்பட்ட கிளையைத் தொடக் கூடாது. காற்றடிக்கும்போது தொடுமா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். 3 அல்லது 4 நாளுக்கு ஒருமுறை வளையத்தைப் பார்க்க வேண்டும். தூசி படியும், செத்த எறும்புகளே பாலமாகும், சில இனங்கள் மண்துகளைக் கொண்டுவந்து பசைமேல் போட்டு வழி அமைக்கும். மழைக்குப் பிறகு கட்டாயம் பார்க்கவும். இந்த வளையம் ஊர்ந்து வரும் சிலந்தி, தரைவண்டு ஆகியவற்றையும் தடுக்கும் என்பதை எழுதும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

*முள்ளிலோ தண்டிலோ உள்ளேயே குடியிருக்கும் எறும்பு.* இங்கே கிளைக்கு வளையம் போட்டுப் பயனில்லை, ஏனென்றால் எறும்பு வளையத்துக்கு அப்பாலும் இருக்கிறது. முள்ளை எல்லாம் வெட்டினால் மரத்துக்கே காயம். பூச்சிமருந்து அடித்தால் இலை தின்னும் பூச்சியும் சேர்ந்து சாகும், முதல் வாரங்களின் அளவீடு பொய்யாகிவிடும். ஜான்சன் கையாண்ட பழைய வழிதான் சுத்தமானது: ஜோடியின் இரண்டு மரங்களையும் ஒரே உயரத்தில் அடியோடு வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுதளிர் வரவிடுவது. ஒன்றில் வெட்டிய கிளைகளை முள்ளும் எறும்புமாக அடிக்கட்டையிலேயே சாய்த்து வைத்தால், முள் காயும்போது எறும்பு புதுத்தளிருக்குக் குடிபெயரும். இன்னொன்றில் கிளைகளை உடனே தூரக் கொண்டுபோய்விட்டு, அடியில் டேப்பும் பசையும் போட்டு, புதிய ராணிகள் குடைந்த இளமுள் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்து அகற்ற வேண்டும். ராணி பறந்து வரும், பசை அதைத் தடுக்காது. இது மரத்தை வெட்டும் சோதனை என்பதால் நிலத்தின் பொறுப்பாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். காப்புக்காட்டில் வேண்டாம்.

அளப்பது. ஒவ்வொரு கிளையிலும் விரியாத மொட்டிலைகள் ஐந்துக்கு வண்ண நூல் கட்டுங்கள். முற்றிய இலையை அளந்தால் ஒன்றும் தெரியாது, அதன் சேதம் சோதனைக்கு முன்பே நடந்து முடிந்தது. 2, 4, 8 வாரங்களில் அதே இலைகளை 5 மி.மீ. கட்டம் போட்ட வெள்ளை அட்டையில் வைத்துப் பறிக்காமல் படமெடுத்து, தின்னப்பட்ட கட்டங்களை எண்ணுங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நூல் கட்டிய இலை அங்கே இல்லை என்றால் "தரவு இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அது முழுதாகத் தின்னப்பட்ட இலையாக இருக்கலாம்! எறும்பில்லாத கிளையில்தான் அப்படி அதிகம் நடக்கும், அதை விட்டால் வித்தியாசம் பாதியாகச் சுருங்கிவிடும். காம்பு மட்டும் கடிபட்டு நிற்கிறதா, அல்லது கணுவில் வழவழப்பான உதிர்வுத் தழும்பு இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். காம்பின் நுனி ஓரங்கிழிந்து நின்றால் 100 சதவீத இழப்பு என்று பதியுங்கள். சுத்தமான தழும்பானால் இலை உதிர்ந்தது, தனிப் பத்தியில் எழுதுங்கள்.

காவல் நடக்கிறதா என்பதை நேரடியாகவும் பார்க்கலாம். உயிருள்ள கரையான் ஒன்றைத் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையின் ஒரு சிறு துளியில் முதுகுப்புறமாக இலையில் ஒட்டி, முதல் எறும்பு தொடும்வரை நேரத்தைக் குறியுங்கள். பிறகு 1, 2, 5, 10 நிமிடங்களில் ஆறு அங்குல வட்டத்தில் உள்ள எறும்புகளை எண்ணுங்கள். ஒரே கிளையில் தளிரில் ஒன்று, முற்றிய இலையில் ஒன்று. முள்வேலம் சொன்ன "சோறு உள்ள இடத்தில் காவல்" உங்கள் மரத்திலும் உண்மையா என்பது அரை மணியில் தெரிந்துவிடும். இலையில் காகிதம் துளைக்கும் கருவியால் இரண்டு ஓட்டை போட்டும் இதேபோல் எண்ணலாம். கிழிந்த இலையின் வாசனைக்கே ஓடிவரும் இனங்கள் உண்டு, செக்ரோப்பியா மரத்து ஆஸ்டெக்கா எறும்புகள் அப்படிப்பட்டவை. இரவு எண்ணிக்கைக்குச் சிவப்பு விளக்கு.

கணக்கிடும்போது மரத்தைத்தான் ஒரு எண்ணாகக் கொள்ள வேண்டும், இலையை அல்ல. 20 ஜோடியில் 200 இலை அளந்தாலும் உங்களிடம் இருப்பது 20 வித்தியாசங்கள்தான். ஒவ்வொரு ஜோடியின் சராசரி வித்தியாசத்தை எடுத்து, புள்ளியியலின் ஜோடிச் சோதனை (paired test) செய்யுங்கள்.

கொட்டும் இனமானால் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் டேப், கண்ணாடி. குளவி கொட்டினால் மூச்சுத் திணறல் வருபவர் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

---

தளிர்க்கணக்கு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. காம்புத் தழும்பு விஷயம் எந்தக் கட்டுரையிலும் கண்ணில் படவில்லை, அது ஒன்றே பெரிய உதவி.

தொடர்ந்து ஒரு கேள்வி. உள்ளே எறும்பு இருந்தும் சோதனையில் எந்தப் பாதுகாப்பும் தெரியவில்லை என்றால், சோதனை தவறா அல்லது எறும்பே காக்கவில்லையா என்று எப்படிப் பிரித்தறிவது? செக்ரோப்பியாவைப் பற்றியும் சொல்ல முடியுமா?

---

கொடியறுப்பான் எழுதியது:

முதலில் எந்த எறும்பு என்று இனம் காணுங்கள். வீடு ஒன்று, குடியிருப்பவர் பலர்.

கிழக்கு ஆப்பிரிக்கச் சமவெளியின் சீழ்க்கை முள் வேலமரம் இதற்குச் சிறந்த பாடம். வச்செல்லியா டிரெபனோலோபியம். முள்ளின் அடி உருண்டையாக உப்பி, எறும்பு போட்ட துளையில் காற்று புகுந்தால் சீழ்க்கை ஒலிக்கும். கென்யாவின் லைகிபியாவில் அதே மரத்துக்காக நான்கு எறும்பினங்கள் சண்டை போடுகின்றன, ஒரு மரத்தில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். கிரெமட்டோகாஸ்டர் மிமோசே முள்ளில் குடியிருந்து, தேன் குடித்து, மூர்க்கமாகக் காக்கும். கிரெமட்டோகாஸ்டர் நைக்ரிசெப்ஸும் காக்கும், ஆனால் கிளையின் பக்க மொட்டுகளையும் பூமொட்டுகளையும் கடித்துவிடும். பக்கத்து மரத்தைக் கிளை தொட்டால் எதிரி வந்துவிடுவான் என்பதால் மரத்தை ஒடுக்கி வைக்கிறது, மரம் காய்ப்பதில்லை. டெட்ராபொனேரா பென்சிகி தேன்சுரப்பிகளையே கடித்து அழித்துவிடும், தேனில்லாத மரத்தை மற்ற எறும்புகள் விரும்பாது என்பதற்காக. கிரெமட்டோகாஸ்டர் ஸ்யோஸ்டெட்டி முள்ளில் தங்குவதே அரிது. தண்டு துளைக்கும் வண்டின் புழு விட்டுப்போன பொந்துகளில் வாழ்வதால், வண்டு வருவதே அதற்கு லாபம்.

ஆகவே "எறும்பு உண்டு" என்று ஒரே பத்தியில் எழுதி நான்கையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பாதுகாப்பு பூஜ்யம் என்று வருவதில் வியப்பில்லை. ஒவ்வொரு மரத்திலும் ஐந்தாறு எறும்பைச் சாராயத்தில் போட்டு இனம் பாருங்கள்.

ஆனால் இந்த நான்கையும் நல்லவன், கெட்டவன் என்று முத்திரை குத்துவதிலும் அவசரம் வேண்டாம். டாட் பால்மரும் கூட்டாளிகளும் 2010இல் மரத்தின் முழு ஆயுளையும் கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள். மலட்டாக்கும் எறும்பும்கூட மரம் சிறுசாக இருக்கும் பருவத்தில் அதை உயிரோடு காப்பாற்றித் தருவதால், ஆயுட்கணக்கில் மரத்துக்கு நன்மை சேர்கிறது. எட்டு வாரச் சோதனையில் இது தெரியவே தெரியாது.

இரண்டாவது, மரம் கூலியைக் குறைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதே லைகிபியாவில் 1995 முதல் வேலி போட்டு யானை, ஒட்டகச்சிவிங்கி போன்றவை வராமல் தடுத்த நிலங்கள் உண்டு. மேய்பவர் இல்லாவிட்டால் மரம் செழிக்கும் என்றுதானே நினைப்போம். பத்தாண்டுக்குப் பின் பார்த்தபோது வேலிக்குள் இருந்த மரங்கள் தேன்சுரப்பியையும் உப்பிய முட்களையும் குறைத்திருந்தன. பசித்த மிமோசே தளர்ந்தது, அந்த இடத்தை ஸ்யோஸ்டெட்டி பிடித்தது, தண்டு துளைக்கும் வண்டு பெருகியது, மரங்கள் மெதுவாக வளர்ந்தன. 2008இல் இது வெளியானது. எனவே கிளைக்கு எத்தனை சுரப்பி தேன் ஊறும் நிலையில் உள்ளது, எத்தனை முள் உப்பியிருக்கிறது என்பதையும் எண்ணிப் பதியுங்கள். காவல் இல்லாததற்குக் காரணம் சில நேரம் அங்கே இருக்கும்.

யானையைப் பற்றி ஒரு வார்த்தை. எறும்பு அகற்றிய கிளையை நீட்டினால் யானை தயங்காமல் தின்கிறது, எறும்போடு நீட்டினால் தொடுவதில்லை. துதிக்கையின் உட்புறம் மென்மையானது, எறும்பு உள்ளே ஏறிக் கடித்தால் தாங்காது. பெருந்தலை எறும்பு என்ற வந்தேறி இனம் லைகிபியாவில் மிமோசேவைக் கொன்று பரவிய இடங்களில் யானைகள் மரங்களை உடைத்துத் தள்ளின. மறைவிடம் போனதால் சிங்கங்கள் வரிக்குதிரையை அடிப்பது குறைந்து எருமையின் பக்கம் திரும்பின என்று 2024இல் காட்டினார்கள். முள்ளுக்குள் இருக்கும் எறும்பு போனால் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

மூன்றாவது, கூட்டத்தின் வயது. புதிதாகக் குடியேறிய ராணியோடு பத்துப் பதினைந்து வேலைக்காரிகள் இருக்கும் மரத்தில் காவலை எதிர்பார்க்க முடியாது. அவை முள்ளுக்குள் ஒளிந்திருந்து சோறெடுக்க மட்டும் வெளியே வரும். கிளையை ஒருமுறை தட்டி, 1 நிமிடத்தில் எத்தனை எறும்பு வெளியே வருகிறது என்று சோதனை தொடங்கும் முன்பே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, கள்ளக் குடித்தனம். மத்திய அமெரிக்க வேலமரங்களில் சூடோமிர்மெக்ஸ் கிராசிலிஸ் முள்ளில் தங்கும், சோறு தின்னும், காக்காது. தொட்டால் ஓடிவிடும். எறும்பே அல்லாத திருடனும் உண்டு: பகீரா கிப்ளிங்கி என்ற குதிக்கும் சிலந்தி, காவல் எறும்புகளின் கண்ணில் படாமல் பாய்ந்து பெல்ட் உருண்டைகளைத் தின்றே பெரும்பாலும் வாழ்கிறது. 2009இல் இது வெளிவந்தது.

செக்ரோப்பியா. தண்டு மூங்கில் போல உள்ளே வெறுமை, கணுக்களில் தடுப்பு. ஒவ்வொரு கணுவிடையிலும் ஒரு இடத்தில் சுவர் மெல்லியதாகக் குழிந்திருக்கும். ஆஸ்டெக்கா ராணி அங்கே குடைந்து உள்ளே போய், உட்சுவரைச் சுரண்டிய துகளால் வாசலை அடைத்துக்கொள்ளும். வெவ்வேறு கணுவிடைகளில் வெவ்வேறு ராணிகள் இருக்கலாம், வேலைக்காரிகள் வளர்ந்தபின் போட்டியில் ஒரு கூட்டம் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். இலைக்காம்பின் அடியில் பழுப்பு நிற வெல்வெட் துணி ஒட்டியது போல ஒரு திண்டு தெரியும். அதன் மயிர்களுக்கிடையிலிருந்து 1, 2 மி.மீ. நீளத்தில் வெள்ளை மணிகள் பிதுங்கும். இவை முல்லர் மணிகள். இவற்றில் சேமிக்கப்படுவது கிளைக்கோஜன், விலங்கின் ஈரலில் இருக்கும் அதே மாவுப்பொருள், தாவரத்தில் மிக அரிது. எறும்பு உள்ள மரத்தில் அந்தத் திண்டு வெறுமையாக இருக்கும், உடனுக்குடன் பறித்துவிடும். திண்டில் மணிகள் கொத்தாகத் தேங்கி நின்றால் அந்த மரத்தில் எறும்பு இல்லை. மரத்தைத் தொடாமலே இதைப் பார்த்துச் சொல்லலாம். ஆஸ்டெக்கா கொட்டாது, கடிக்கும். பெரிய மிருகத்தைவிடக் கொடியையும் இலைப்பூச்சியையும் விரட்டுவதில்தான் அதன் பங்கு அதிகம், ஆகவே உங்கள் அளவீட்டில் மரத்தைத் தொடும் கொடிகளின் எண்ணிக்கையையும் சேருங்கள்.

---

முள்வேலம் எழுதியது:

கொடியறுப்பான் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். குடியிருப்புக்கு மரம் பெறும் பலன் காவலாக மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஹம்போல்டியா புருனோனிஸ் மரங்களில் சிலவற்றில் மட்டும் கணுவிடை உப்பி, தானே திறந்த வாசலோடு இருக்கிறது. அதற்குள் பலவகை எறும்புகளும், மரத்தில் வாழும் ஒரு மண்புழுவும் தங்குகின்றன. காக்கும் எறும்பு எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் உள்ளே சேரும் கழிவிலிருந்து மரம் நைட்ரஜன் எடுத்துக்கொள்கிறது. இலைச்சேதம் மட்டும் அளந்தால் இந்தப் பலன் கணக்கில் வராது.

மாறாக, காவல் அளவுக்கு மீறினாலும் தொல்லை. தேனீயைத் துரத்தினால் காய் பிடிக்காது. தான்சானியாவில் வேலமரம் ஒன்றின் புதுப்பூக்கள் எறும்பை விலக்கும் வாசனையை வெளிவிடுவதை 1997இல் காட்டினார்கள். மகரந்தம் போய்ச் சேர்ந்தபின் அந்த விலக்கு தளர்ந்து, காய்க்குக் காவல் திரும்புகிறது. சோதனைக் காலம் பூக்கும் பருவத்தில் விழுந்தால், மலர்ந்த அன்றைய பூவிலும் வாடிய பூவிலும் தனித்தனியே எறும்பை எண்ணுங்கள். இரண்டையும் கலந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும்.

---

முசுறுக்கூடு எழுதியது:

பழமரத்தில் முசுறு எறும்பு வளர்ப்பவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் சிறு குறிப்பு. முசுறு இந்த வகைப் பிணைப்பில் சேராது. மரம் அதற்கென்று வீடு கட்டித் தருவதில்லை, இலைகளை இழுத்துப் பிடித்துத் தன் புழுவின் பட்டு நூலால் தானே தைத்துக்கொள்கிறது. ஆனாலும் காவல் உண்மை. தென் சீனத்தில் ஆரஞ்சு மரங்களுக்கு முசுறுக் கூடுகளை விற்றதைக் கி.பி. 304ஆம் ஆண்டினதாகச் சொல்லப்படும் பதிவு குறிப்பிடுகிறது.

கூடு மாற்றி வைப்பதில் தோற்பதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, ராணி இல்லாத கூடு. ஒரு கூட்டத்துக்குப் பல மரங்களில் பல கூடுகள் இருக்கும், ராணி இருப்பது ஒன்றில். ராணி இல்லாமல் கொண்டுவந்தால் சில மாதம் சுறுசுறுப்பாக இருந்து அப்படியே தேய்ந்து மறையும். இரண்டு, வெவ்வேறு கூட்டத்தின் கூடுகளைப் பக்கத்துப் பக்க மரங்களில் வைப்பது. அவை ஒன்றையொன்று கொன்று தீர்க்கும். ஒரே கூட்டந்தானா என்று பார்க்க ஒரு கூட்டின் எறும்பு இரண்டு மூன்றை மற்றதன் வழித்தடத்தில் விடுங்கள். உணர்கொம்பால் தடவிவிட்டு நகர்ந்தால் ஒரே கூட்டம், கால்களைப் பிடித்து இழுத்தால் வேறு. ஒரே கூட்டத்தின் மரங்களுக்கிடையே கயிறு கட்டிவிட்டால் தரையில் இறங்காமல் போய்வரும், தரையில் உள்ள போட்டி எறும்புகளிடம் சிக்காது.

முசுறு மாவுப்பூச்சியையும் செதில்பூச்சியையும் தேன்துளிக்காகப் பாதுகாக்கும், ஆகவே அவை உள்ள கிளைகளைக் கூடு வைக்கும் முன்பே கவாத்து செய்துவிடுங்கள். தளிர்க்கணக்கு உங்கள் சோதனையில் முசுறு மரம் ஏதாவது இருந்தால் பசை வளையத்தின் அகலத்தை இரட்டிப்பாக்குங்கள். ஒன்றையொன்று பிடித்துச் சங்கிலியாகத் தொங்கி இடைவெளியைத் தாண்டக்கூடிய எறும்பு இது, 5 செ.மீ. போதாது.